நல்ல நாய்தான்; வீடு எப்படி?

முழுப் பரீட்சை முடிகிற வாரம் வந்துவிட்டால் எனக்கு இந்த ஃபோன் வந்துவிடும். உறவினரோ, பழைய சக ஊழியரோ, அடுத்த தெருக்காரரோ, யாராவது ஒருவர். “பையன் ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கான். லேப் குட்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். லேப் சாதுவான நாய்தானே? கடிக்காதுல்ல?” எங்கள் வீட்டில் பதினோரு வருடமாக ஒரு லாப்ரடார் இருப்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆமாம், நல்ல நாய்தான் என்று சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்புவரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது திருப்பிக் கேட்கிறேன்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? மறுமுனையில் சற்று நேரம் பேச்சு வராது.

நான் மாறியதற்குக் காரணம் ஓர் ஐப்பசி மழை. எங்கள் பகுதியில் பூட்டிக் கிடந்த ஒரு பெட்டிக்கடையின் வாசலில் மஞ்சள் நிற லேப் ஒன்று மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது. கழுத்தில் பெல்ட் கிடந்த இடத்தில் முடி தேய்ந்து வளையமாகத் தெரிந்தது. தெருநாய்கள் சூழ்ந்துகொண்டு குரைத்தபோது அது பதிலுக்குக் குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்தி வாலை ஆட்டியது. சாலையில் எத்தனையோ வண்டிகள் போயின. வெள்ளைக் கார் ஏதாவது வேகம் குறைத்தால் மட்டும் எழுந்து நின்றது. “வெள்ளை வண்டியிலதான் சார் வந்து எறக்கிவிட்டுட்டுப் போனாங்க” என்றார் எதிர் டீக்கடைக்காரர். மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். ஏழு வயது இருக்கும் என்றார் மருத்துவர். இரண்டு காதிலும் சீழ். பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம். இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல். இந்த மூன்றில் எதுவும் ஒரே நாளில் வந்திருக்க முடியாது. யாரோ ஒரு குடும்பம் ஏழு வருடம் அதற்குச் சோறு போட்டிருக்கிறது. அதன் காதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அந்த நாய்க்கு நடந்ததற்கு அதன் குணமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வலித்தாலும் முறைக்காது. சாப்பாடு தாமதமானால் ஊளையிடாது. மொட்டைமாடியில் கட்டிப்போட்டாலும், மாலையில் மேலே வருகிறவரைப் பார்த்து உடம்பு முழுவதையும் ஆட்டி வரவேற்கும். எந்தக் குணத்துக்காக நாம் இந்த நாயைத் தேடிப் போகிறோமோ, அந்தக் குணம்தான் அதன் கஷ்டத்தை நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. லாப்ரடாரின் முழுப்பெயர் லாப்ரடார் ரிட்ரீவர்; ரிட்ரீவர் என்றால் எடுத்துவந்து கொடுக்கும் நாய். லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு படகில் போனவை. தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் வலையின் கயிற்றையும் குளிர்ந்த கடலில் குதித்து வாயில் கவ்விக் கொண்டுவருவது அவற்றின் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் ஏற்றிவந்த கப்பல்களோடு அவை இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் இறங்கின. மாம்ஸ்பரி பிரபுவும் பக்ளூ கோமகனும் அவற்றைத் தங்கள் வேட்டைக்காக வளர்த்துப் பெருக்கினார்கள். கோல்டன் ரிட்ரீவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில். பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜரிபேங்க்ஸ், 1868-ல் நவுஸ் என்ற மஞ்சள் நிற ரிட்ரீவரையும் பெல் என்ற நீர் ஸ்பானியலையும் சேர்த்தார். அதில் பிறந்த மஞ்சள் குட்டிகளின் வம்சம்தான் இன்று நம் அடுக்குமாடி வீடுகளில் சோபாவை முடியால் நிரப்பிக்கொண்டிருப்பது. லாப்ரடாரைத் தனி இனமாக பிரிட்டனின் கென்னல் கிளப் ஏற்றது 1903-ல். நம் மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டு. இன்று வேப்பேரியில் அதன் மருத்துவமனை வாசலில் காலையில் நின்று பார்த்தால், டோக்கன் வாங்கக் காத்திருக்கும் நாய்களில் லேபைத் தேடவே வேண்டாம்.

அந்தப் பிரபுக்களின் வேட்டைக்குத் திரும்புவோம். துப்பாக்கி நன்றாகச் சுட ஆரம்பித்த பிறகு பறவைகள் தூரத்தில் விழுந்தன. புதரிலும் சதுப்பிலும் விழுந்தன. அவற்றைக் கொண்டுவர ஒரு நாய் வேண்டும். வெடிச் சத்தத்துக்கு அது மிரளக் கூடாது. தன் முறை வரும்வரை சத்தமில்லாமல் எஜமானின் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் மற்ற நாயோடு சண்டைக்குப் போகக் கூடாது. முன்பின் தெரியாத மனிதர் கையிலும் பறவையைக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கவ்விய பறவையின் மீது பல் படக் கூடாது. தலைமுறை தலைமுறையாக இந்தக் குணம் உள்ளவற்றையே தேர்ந்து இணைசேர்த்தார்கள்.

எங்கள் வீட்டு லேப் பொன்னிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலை ஐந்தரைக்கு கேட்டில் மாட்டியிருக்கும் பையிலிருந்து ஆவின் பாக்கெட்டை எடுத்து அவள் வாயருகே நீட்டினால் போதும். அரை லிட்டர் பாக்கெட்டை நடுவில் கவ்வி, தலையைச் சற்றே உயர்த்தி, வாசல்படி ஏறி, கூடம் கடந்து, சமையலறையில் என் மனைவியின் காலடியில் வைப்பாள். பாக்கெட்டின் மேல் எச்சில் இருக்கும். பல் தடம் இருக்காது. பதினோரு வருடத்தில் ஒரு பாக்கெட்டும் கிழிந்ததில்லை. வைத்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல நினைக்கிறேன். அவள் அப்போது தின்பண்டம் கேட்கவில்லை. அடுத்த வேலை என்ன என்று கேட்கிறாள்.

இந்த நாயின் உள்ளே இருப்பது இதுதான். மனிதனோடு சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை. மும்பைக் காவல்துறையில் இருந்த ஜஞ்சீர் ஒரு லாப்ரடார். 1993 தொடர் குண்டுவெடிப்புகளை ஒட்டி நடந்த தேடலில் மூவாயிரம் கிலோவுக்கு மேல் ஆர்டிஎக்ஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. 2000-ல் எலும்புப் புற்றுநோயில் இறந்தபோது காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தில் நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஜூலி, நூர்தாகி நகரத்தில் இடிபாடுகளுக்குள் உயிரோடு இருந்த ஆறு வயதுச் சிறுமியை மோப்பம் பிடித்துக் காட்டியது. அதுவும் லாப்ரடார்தான். பார்வையற்றவர்களை வழிநடத்த உலகெங்கும் பழக்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை லேபும், லேபும் கோல்டனும் கலந்தவையும். இப்படிப்பட்ட மூளையையும் மூக்கையும் நாம் வாங்கிவந்து, காலையில் பத்து நிமிடம் தெருமுனை வரை நடத்திவிட்டு, மாலை ஏழு மணி வரை பால்கனியில் பூட்டிவைக்கிறோம். பிறகு அது செருப்பைக் கடிக்கிறது, சோபாவைக் கிழிக்கிறது, ஓயாமல் பாதத்தை நக்கிப் புண்ணாக்கிக்கொள்கிறது என்று புகார் சொல்கிறோம்.

காவலுக்கும் ஆகும், பிள்ளைக்கு விளையாடவும் ஆகும் என்று கணக்குப் போட்டு லேப் வாங்குகிறவர்கள் நிறைய. காவல் இதன் ரத்தத்தில் இல்லை. திருடன் வந்தால் குரைக்கலாம். அவன் உட்கார்ந்து தடவிக்கொடுத்தால் மடியில் தலைவைத்துவிடும். வேட்டைக்கும் காவலுக்கும் நம் மண்ணில் வளர்ந்தவை ராஜபாளையமும் கோம்பையும். அவை அன்னியரைச் சேர்க்காதவை, ஓரிருவரிடம் மட்டும் மனம் ஒட்டுபவை. கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்டிய சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உடம்பே வேறு மாதிரி. மெலிந்த தேகம், ஒட்டிய முடி, நீண்ட கால். லேபுக்கு இருப்பது இரட்டை ரோமம். மேலே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி, உள்ளே கம்பளி போன்ற அடர்ந்த பஞ்சு. விரல்களுக்கிடையே நீந்துவதற்கான சவ்வு. உறைகுளிர்க் கடலுக்கான உடுப்பு அது. அந்த உடுப்போடுதான் அக்னி நட்சத்திரத்தில் அது சென்னையில் இருக்கிறது.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேபோ கோல்டனோ, நம் ஊரில் அதன் உயிருக்கு முதல் எதிரி அதுதான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடும். அதனால் கடலோர ஊர்களின் 36 டிகிரி, உள்நாட்டு ஊர்களின் 40 டிகிரியை விட நாய்க்குக் கொடியதாக இருக்க முடியும். அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 டிகிரி, 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். மொட்டைமாடித் தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மேற்கு பார்த்த பால்கனி, கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் ஆகிய இடங்களில் மதிய நேரத்தில் நாயை விடுவது கொலைக்குச் சமம். இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பொன்னியின் நடை காலை ஐந்தரைக்குள் தொடங்கி ஆறேகாலுக்குள் முடிந்துவிடும். இரவு எட்டுக்குப் பிறகுதான் அடுத்தது. கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்ப்பேன். வைக்க முடியாவிட்டால் அவள் பாதமும் தாங்காது. பகலில் கூடத்து மொசைக் தரையில் மின்விசிறிக்குக் கீழே வயிற்றைப் பரப்பிப் படுத்திருப்பாள். வீட்டில் இரண்டு இடத்தில் தண்ணீர் இருக்கும். கோடைக்கு முடியை ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள்; செய்யாதீர்கள். அந்த இரட்டை ரோமம் வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. மொட்டையடித்தால் தோல் வெந்துபோகும். முடி பழையபடி வளராமலும் போகலாம். உதிர்ந்த உள்முடியைத் தினமும் சீப்பால் வாரி எடுப்பதே போதும். எப்போதாவது நாய் வேகமாக இளைத்து, ஈறு சிவந்து, தள்ளாடி விழுந்தால், முதலில் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஊற்றிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆட்டோ வரட்டும் என்று காத்திருக்கும் பத்து நிமிடத்தில் உயிர் போய்விடும்.

அடுத்தது சோறு. இதில் நான் செய்த தவறை மறைக்காமல் சொல்கிறேன். பொன்னிக்கு நான்கு வயதானபோது 38 கிலோ இருந்தாள். பெண் லேப் 25-லிருந்து 32 கிலோவுக்குள் இருப்பதுதான் வழக்கம். நாங்கள் அவளை “நல்ல வாட்டசாட்டம்” என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். காலையில் நான் பிஸ்கட் போடுவேன். பதினொரு மணிக்கு அம்மா இட்லி போடுவாள். மதியம் தயிர்சாதம், மாலையில் மகள் வந்து இன்னொரு பிஸ்கட், இரவு கோழி போட்ட சோறு. ஒவ்வொருவரும் தான் மட்டும் கொஞ்சம் போட்டதாக நினைத்தோம். மருத்துவர் எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்து அவள் விலாவின் மேல் வைத்தார். எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை. பிறகு என் புறங்கையை என் இன்னொரு கையால் தடவச் சொன்னார். “இந்த மாதிரி எலும்பு லேசாத் தெரியணும். இவ மூட்டு பத்து வயசுல உங்களுக்குப் பதில் சொல்லும்” என்றார்.

லேபின் பசி வெறும் பழக்கம் இல்லை என்பதை அப்புறம்தான் படித்தேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லாமல் இருப்பது தெரியவந்தது. பசியையும் உடல் கொழுப்பையும் மூளைக்குத் தெரிவிக்கும் வேலையில் பங்குள்ள மரபணு அது. அந்தக் குறை உள்ள நாய் எப்போதும் பசியோடு இருக்கும். வழிகாட்டி நாய்கள் போன்ற உதவி நாய்களாகத் தேர்வானவற்றில் நான்கில் மூன்றுக்கு இந்தக் குறை இருந்தது. தின்பண்டத்துக்காக எதையும் கற்றுக்கொள்கிற நாய் என்பதால் அப்படித் தேர்வாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆக, சாப்பாட்டு மேசைக்கு அருகில் உட்கார்ந்து உங்கள் கையையே பார்க்கும் அந்தக் கண்கள் பொய் சொல்லவில்லை. அந்த மரபணுக் குறை இருந்தால் அதற்கு உண்மையாகவே பசிக்கிறது. அதனால்தான் அளவை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகமாக வாழ்ந்தன; மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. நாயின் இரண்டு வருடம் சிறிய கணக்கில்லை. மருத்துவர் சொன்ன அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உணவை அளக்க ஓர் ஆழாக்கு வந்துவிட்டது. காலையில் ஒரு நாளைய உணவை அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். யார் எடுத்துக் கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அம்மாவுக்கு இது பெரிய மனக்குறை. வெள்ளரிக்காய்த் துண்டும் வேகவைத்த பீன்ஸும் கொடுக்கலாம் என்று சமாதானம் செய்தோம். ஒன்றரை வருடத்தில் பொன்னி 30 கிலோவுக்கு வந்தாள்.

சாம்பார் சாதம் போடுகிற வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெங்காயம் விழாத குழம்பு நம் வீட்டில் ஏது? சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை எல்லாம் விஷம். கேசரியிலும் பாயசத்திலும் உலர் திராட்சை இருக்கிறது. சமைத்த கோழி எலும்பு குத்திக் குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையை விழுங்கிக் குடல் அடைத்து அறுவை சிகிச்சைக்கு வரும் லேப்கள் மாம்பழக் காலத்தில் உண்டு.

உண்ணியும் காதும் தினமும் பார்க்க வேண்டியவை. நடந்து வந்ததும் விரலிடுக்கு, காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டைக்குக் கீழே தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் முதலில் சாப்பாட்டை விடும். சாப்பாட்டை மறுக்கும் லேப் என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்கில் ரத்தம் வரும்வரை காத்திருந்தால் ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். தொங்கு காதுக்குள் குளித்த ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், நாற்றம் வரும், நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். மழைத்தேங்கலில் எலிச் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து நமக்கும் தொற்றும். அதற்கான ஊசியும் ரேபிஸ் ஊசியும் வருடம் தவறாமல் போட்டாக வேண்டும்.

புதிதாகக் கட்டிய வீடுகளின் பளபளப்பான டைல்ஸ் தரை இந்த நாய்க்குப் பகை. லேபுக்கும் கோல்டனுக்கும் இடுப்பு மூட்டுக் குழி சரியாகப் பொருந்தாத பரம்பரைக் குறை அதிகம். வளரும் வயதில் தினமும் வழுக்கி விழுந்தால் அது இன்னும் மோசமாகும். அது நடக்கும் பாதையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். நான் மாடி எத்தனை என்று கேட்பதும் இதற்காகத்தான். பத்து வயதுக்கு மேல் இந்த நாய் படியிறங்கத் தயங்கும். 30 கிலோவைத் தினம் மூன்று முறை மூன்று மாடி இறக்கி ஏற்ற உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பிள்ளைக்காக என்று வாங்கும் நாயை யார் பார்க்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். “நான் பார்த்துக்குறேன்ப்பா” என்று சத்தியம் செய்யும் பத்து வயதுப் பையன் ஜூனில் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்விடுவான். அவன்மேல் குற்றமில்லை. வேலையெல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி, பேரனுக்காக வாங்கிய லேபை நடத்திக் கூட்டிப்போனபோது, அது பூனையைப் பார்த்து இழுத்த இழுப்பில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நாய்க்கு அப்போது ஒன்றரை வயது. லேப் இரண்டு, இரண்டரை வயது வரை உடம்பால் பெரிய நாய், மனதால் குட்டி. இழுக்காமல் நடக்க ஆறு மாதத்துக்குள்ளேயே பழக்கியிருக்க வேண்டும். தினமும் ஒன்றரை மணி நேரமாவது அதற்கு என்று யாராவது ஒருவர் ஒதுக்க வேண்டும். அதில் கால்மணி நேரம் மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும். கேரட் துண்டுகளை அறை அறையாக ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்தைவிட அது நாயைத் திருப்தியாகத் தூங்கவைக்கும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று. லேப் பொறுமைசாலி என்பதற்காகக் குழந்தையை அதன் முதுகில் ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். அது முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, உதட்டை நக்குகிறதா, தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறதா, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா? “என்னை விடுங்கள்” என்று அது கேட்கும் விதம் இது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தை அதனிடம் போகக் கூடாது. ஐந்தாறு வயதுக்குள் உள்ள குழந்தையை எவ்வளவு நல்ல நாயோடும் தனியே விடக் கூடாது.

குட்டி வாங்கும் இடத்துக்கு வருகிறேன். “ஹெவி போன், பேப்பரோட, முப்பது நாள் குட்டி” என்று விளம்பரம் வரும். முப்பது நாள் என்று சொல்லும்போதே அது சட்ட மீறல். நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017-ம் ஆண்டு மத்திய விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு முன்பும் எட்டு வயதுக்குப் பிறகும் தாய் நாயை ஈனவைக்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. முப்பது நாளில் விற்றால் விற்பவருக்குத் தீனிச் செலவும் ஊசிச் செலவும் மிச்சம். வாங்குபவருக்குப் பார்வோ நோயால் வயிற்றுப்போக்கில் சாகும் குட்டி. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பதே தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். அந்த மென்மையான வாய் பிறவியில் பாதி, அந்த எட்டு வாரத்தில் பாதி. தாய் நாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள். தாய், தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன; தெருவில் இல்லை. என் கோரிக்கை மூன்று. பதிவு செய்யாத வளர்ப்பகங்களின் விளம்பரங்களை அரசு நேரடியாகப் பிடிக்க வேண்டும். விற்கப்படும் ஒவ்வொரு குட்டிக்கும் மைக்ரோசிப் பொருத்தி, உரிமையாளர் பெயரில் பதிய வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்த வெள்ளைக் கார் யாருடையது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மூன்றாவது, தண்டனை. பட்டினியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் முறை செய்த குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. சட்டத்தைத் திருத்த 2022-ல் மத்திய அரசு ஒரு வரைவை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அது சட்டமாக வேண்டும்.

வெளிநாட்டு வேலை, இடமாற்றம், வீட்டுக்காரரின் ஆட்சேபம், குழந்தைப் பேறு என்று நாயை வைத்துக்கொள்ள முடியாத நிலை யாருக்கும் வரலாம். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் இந்த நாயைத் தெருவில் விடாதீர்கள். தெருவில் பிறந்த நாய்க்கு வண்டியின் வேகம் தெரியும், எந்தத் தெரு யாருடையது என்று தெரியும், வெயிலுக்கு எங்கே ஒதுங்குவது என்று தெரியும். லேபுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மனிதர்களை நம்புவது மட்டும். ஒரு மாதம் முன்பே மருத்துவரிடமும் நண்பர்களிடமும் காப்பகங்களிலும் சொல்லி வைத்தால், வீடு கிடைக்கும்.

பெட்டிக்கடை வாசல் நாய்க்கும் கிடைத்தது. மடிப்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதியின் தரைத்தள வீடு. காதுகள் ஆற நான்கு மாதம் ஆனது.

இந்தக் கோடையில் குட்டி எடுக்க நினைக்கும் வீடுகளுக்கு: மே மாதத்தில் வாங்காதீர்கள். மார்கழி வரை பொறுத்திருந்து, அதுவரை தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து நடந்து பாருங்கள். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால், முதலில் உங்கள் ஊர்க் காப்பகத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாரோ இறக்கிவிட்டுப் போன லேப்களும் கோல்டன்களும் அங்கே இருக்கும். நம் வெயிலுக்கென்றே பிறந்த, முடி ஒட்டிய நாட்டு நாய்க்குட்டிகளும் இருக்கும். நீங்கள் கேட்கும் அன்பு அவற்றிடமும் உண்டு.